வீட்டுக்கு வருவம், அன்ரி

கொட்டாஞ்சேனை,
09.06.2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை றோஸி எழுதுவது. நானும் நிலூஷாவும் சுகம். நீங்கள், அண்ணி, பிறெடி எல்லோரும் சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். உங்கள் சீனி வருத்தம் இப்போது எப்படி? குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பீர்கள். போன கிழமை முழுக்க உங்களுக்குக் கோல் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது. பேசாலையில் சிக்னல் சரியில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதனால்தான் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்து வைத்து வாங்குங்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பெப்ரவரியில் வள்ளத்து எஞ்சின் உடைந்துவிட்டது, சீசன் போய்விடும், இரண்டு லட்சம் எப்படியாவது புரட்டித் தா, இரண்டு கிழமையில் தருகிறேன் என்று அழாத குறையாகக் கேட்டீர்கள். என் கையில் ஏது காசு? அவர் செத்த பிறகு ஹார்பர் ஒபிசுகளுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்துத்தான் இந்தப் பிள்ளையை ஆளாக்கினேன். வங்கிக்குப் போனால் மாதக் கணக்கில் இழுப்பார்கள். போனிலேயே கடன் கொடுக்கும் கம்பனி ஒன்றில் எடுத்தேன். அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பினேன், கேட்டதற்கெல்லாம் 'ஓம்' என்று அமத்தினேன், ஒரு மணித்தியாலத்தில் காசு வந்தது. அன்றைக்கே உங்கள் கணக்கில் போட்டேன்.

இரண்டு கிழமை நான்கு மாதமாகிவிட்டது அண்ணா. பார்சல் காசில் மிச்சம் பிடித்து ஒரு லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டேன். அதெல்லாம் வட்டிக்குப் போய்விட்டதாம், இன்னும் எடுத்ததைவிடக் கூடக் கட்ட வேண்டுமாம். மிதுஷன் என்று ஒருவன் கோல் எடுக்கிறான். நம் தமிழ்ப் பிள்ளைதான். "அன்ரி, சாப்பிட்டீங்களா?" என்றுதான் தொடங்குவான். முடிக்கும்போது, "கட்டாட்டி வீட்டுக்கு வருவம், அன்ரி. அயலட்டையையும் கூப்பிட்டு வச்சுத்தான் கதைப்பம்" என்பான். அந்த 'அன்ரி'யைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

ஒக்ரோபரில் நிலூஷாவின் கல்யாணம். வெள்ளவத்தைச் சம்பந்தி வீட்டார் மானம் மரியாதை பார்க்கிற ஆட்கள். இவன்கள் வாசலில் வந்து நின்றால் அந்தக் கல்யாணம் என்னாகும்? காசை அனுப்புங்கள். முழுதாக முடியாவிட்டால் பாதியையாவது அனுப்புங்கள்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

பதில் பார்த்திருக்கும் தங்கை,
றோஸி


பேசாலை,
28.06.2025

அன்புத் தங்கை றோஸிக்கு,

அண்ணன் கிளெமென்ற் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் நலம். உங்கள் நலமும் அவ்விதமே ஆகுக. சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது. கசப்பான கஷாயம் ஒன்று குடிக்கிறேன்.

உன் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். கையெழுத்து அப்படியே அம்மாவின் கையெழுத்து. இங்கே கச்சான் காற்று கடுமை. கடலுக்குப் போகிறவர்கள் குறைவு. போனும் சரியாக வேலை செய்வதில்லை.

கஷ்டங்கள் சோதனைக்காக வருபவை. நீ பொறுமைசாலி, எல்லாவற்றையும் சமாளித்துவிடுவாய். அந்தப் பையனோடு நிதானமாகக் கதை. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்: இதில் என் பெயரை ஒருவரிடமும் எடுக்காதே. இருபது வருடம் அங்கே கோயில் பாட்டுக் குழுவை நடத்தியவன் நான். இன்றைக்கும் அந்த ஒழுங்கையில் எனக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. குடும்ப மானம் எல்லோருக்கும் பொது.

நிலூஷாவின் கல்யாணத்துக்குக் கோட் தைக்கக் கொடுத்திருக்கிறேன், கடும் நீலம். தகப்பன் இல்லாத பிள்ளை. பீடம் வரைக்கும் நான்தானே கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும்.

செபத்தில் உன்னை நினைக்கும் அண்ணன்,
கிளெமென்ற்


கொட்டாஞ்சேனை,
03.07.2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். கஷாயத்தை விடாமல் குடியுங்கள்.

காற்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள், கோட்டின் நிறத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். காசைப் பற்றி ஒரு வரி இல்லை. இன்னொரு தாள் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று உறையைக் கிழித்துக்கூடப் பார்த்தேன்.

இங்கே நடப்பதைக் கேளுங்கள். நான் அமத்திய 'ஓம்'களில் ஒன்று, என் போனில் உள்ள நம்பர் எல்லாவற்றையும் அவன்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பதாம். இப்போது ஒவ்வொருவராகக் கோல் எடுக்கிறான்கள். அதில்தான் என் மடத்தனம். வெறும் பெயராகப் போட்டிருந்தால் யார் எவர் என்று அவன்களுக்கு எப்படி விளங்கும்? மூத்தவர்களைப் பெயர் சொல்லிப் பதிய எனக்குக் கை வரவில்லை. 'பெரிய அண்ணா', 'சின்னம்மா', 'கோயில் சுவாமி', 'சம்பந்தி அம்மா' என்று எல்லாரையும் முறை வைத்துப் போட்டிருந்தேன். குடும்பத்தையே தட்டில் வைத்து நீட்டியது போலாகிவிட்டது. யாரைத் தொட்டால் எனக்கு வலிக்கும் என்று அவன் யோசிக்கவே தேவையில்லை. நேரே 'சம்பந்தி அம்மா'வைத் தொட்டான்.

நிலூஷாவுக்கு மாமியாராக வரப்போகிற பிலோமினாவிடம், "உங்கட சம்பந்தி எங்கட காசை எடுத்திட்டு ஒளிச்சுத் திரியிறா. மகளுக்கு நகை போடுறா எண்டா, அது எங்கட காசு" என்று சொல்லியிருக்கிறான். மாப்பிள்ளை ஜெறோம் நிலூஷாவிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த மனுசி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முன்பெல்லாம் கேக், சேலை, பூ என்று தினமும் கோல் எடுத்துக் கதைப்பார். இப்போது எடுப்பதே இல்லை. வந்து நாலு வார்த்தை திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். இந்த மௌனம் என்னைக் கொல்கிறது.

நான் போனை நிறுத்திவிட்டேன். போன் நின்றதும் பார்சல் ஓடரும் பாதியாகிவிட்டது. பாதியாகிப் போன வியாபாரத்தில் எதைக் கட்டுவது?

'பெரிய அண்ணா'வுக்கும் கோல் வந்திருக்குமே. நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

உங்கள் பெயரை எடுக்காதே என்கிறீர்கள். இதுவரை எடுக்கவில்லை. வீட்டுச் செலவுக்கு எடுத்த கடன் என்றுதான் நிலூஷாவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை என்னை, வரவு செலவு தெரியாத பொம்பிளை என்று பார்க்கிறாள். உங்களுக்காக அதையும் பொறுத்துக்கொண்டேன்.

தங்கை,
றோஸி


பேசாலை,
31.07.2025

அன்புத் தங்கை றோஸிக்கு,

ஆண்டவர் சமாதானம் உன்னோடு இருப்பதாக. இங்கு யாவரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

பதில் தாமதமானதற்குக் காரணம், மடுத் திருநாள் ஆயத்தங்கள். இம்முறை பேசாலையில் இருந்து போகிற யாத்திரைக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். முடியாது என்று சொல்லலாமா? உன் தேவைக்காக மாதாவிடம் விசேஷமாக மன்றாடுவேன்.

உன் கடிதத்தில் கோபம் தெரிகிறது. கோபத்தில் எழுதாதே, ஆறிய பிறகு எழுது. திருநாள் முடியட்டும், எல்லாவற்றுக்கும் ஒரு வழி பிறக்கும். அண்ணிக்கு முழங்கால் நோ. பிறெடி சுகம், வேலை தேடி அலைகிறான் பாவம். கோட் தைத்து வந்துவிட்டது, தோளில் சற்று இறுக்கம்.

ஆசீர்வாதத்துடன்,
அண்ணன் கிளெமென்ற்


கொட்டாஞ்சேனை,
05.08.2025

அண்ணாவுக்கு,

அண்ணியின் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசச் சொல்லுங்கள். சுகம் விசாரித்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று ஒரு ஓடருக்காகப் போனைப் போட்டேன். உடனே மிதுஷன் வந்துவிட்டான்.

"அன்ரி, உங்கட 'பெரிய அண்ணா' நம்பரை மாத்திட்டார் போல. முந்தி ஒருக்காக் கதைச்சவர், பிறகு ஆளைப் பிடிக்கவே ஏலாம கிடக்கு."

எப்போது கதைத்தார் என்று நான் கேட்பதற்குள் அவனே தொடர்ந்தான்.

"பிறெடி எண்டு ஒராள் இருக்கிறார். ரிங் போற சத்தமே வேற மாதிரி. வெளிநாட்டில சொந்தக்காரரை வச்சுக்கொண்டு எங்களிட்ட சல்லி இல்லை எண்டு அழுறீங்களே, அன்ரி. அவரிட்டக் கேட்டு வாங்கித் தாங்கோவன்."

போனை வைத்ததும் நிலூஷாவைக் கூப்பிட்டேன். நிலூஷா பேஸ்புக்கில் தேடினாள். உங்கள் மகன் ருமேனியாவில் ஒரு தொழிற்சாலை வாசலில், தடித்த ஜக்கெட் போட்டுக்கொண்டு சிரித்தபடி நிற்கிறான். படம் போட்டது ஏப்ரலில். வேலை தேடி அலைகிறானா? நல்ல தூரம்தான் அலைந்திருக்கிறான்.

எஞ்சின் எங்கே? வள்ளம் எங்கே? வள்ளம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

பிறெடியை அனுப்ப வேண்டும், ஏஜென்சிக்காரன் காசு கேட்கிறான் என்று உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றிருப்பேனா? அவனும் என் மடியில் கிடந்த பிள்ளைதானே. பொய் சொல்லி வாங்கினீர்கள். பிறகு அவன்கள் உங்களோடு கதைத்ததும், நான் இங்கே என்ன பாடுபடுகிறேன் என்று தெரிந்துகொண்டே நம்பரை மாற்றினீர்கள். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வருகிறது அண்ணா. எழுதும்போது பேனை தாளைக் கிழிக்கிறது.

வருகிற மாதம் முதல் கிழமையில் வீட்டுக்கு வருகிறோம் என்று எழுதியே அனுப்பியிருக்கிறான்கள். மாதம் முடிவதற்குள் காசு வர வேண்டும்.

றோஸி


கொட்டாஞ்சேனை,
25.08.2025

அண்ணாவுக்கு,

மடுத் திருநாள் முடிந்து பத்து நாள் ஆகிறது. போன கடிதத்துக்கு நீங்கள் கையெழுத்து வைத்ததாகத் தபால் கந்தோரில் சொன்னார்கள். மாதாவிடம் மன்றாடினீர்களா? என்ன சொன்னார்?

பிலோமினா இன்னும் கதைக்கவில்லை. நிலூஷா ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

றோஸி


கொட்டாஞ்சேனை,
08.09.2025

அண்ணாவுக்கு,

நேற்று வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து சனம் வீட்டுக்குத் திரும்புகிற நேரம் பார்த்துத்தான் வந்தார்கள். இரண்டு மோட்டார் சைக்கிள், மூன்று பேர். பெல் அடிக்கவில்லை, கேற்றைத் தட்டு தட்டென்று தட்டினார்கள். நான் ஒரு பிறந்தநாள் ஓடருக்குக் கறி கிளறிக்கொண்டிருந்தேன். அகப்பையோடு வெளியே போனேன்.

மிதுஷனை அப்போதுதான் நேரில் பார்த்தேன். நிலூஷாவைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். சேட்டைக் காற்சட்டைக்குள்ளே விட்டு, சப்பாத்துப் போட்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி நின்றான். ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரித் தொடங்கினான்.

"அன்ரி, மகளுக்குக் கலியாணமாம், சந்தோசம். கலியாணத்துக்கு முதல் எங்கட கணக்கை முடிச்சுத் தந்தா எல்லாருக்கும் நல்லம். இல்லாட்டி இந்தச் சனத்துக்கு முன்னால நாங்க கதைக்க வேண்டி வரும்."

மேல்மாடி யன்னல்கள் திறந்தன. நிலூஷா கதவுக்குப் பின்னால் நின்று அழுவது எனக்குக் கேட்டது. நான்கு மாதம் என்னைப் படுக்கவிடாத பயம் இதுதான், இந்த நிமிஷம்தான். அது வந்து முன்னால் நின்றபோது எனக்குப் பயம் வரவில்லை அண்ணா. கோபம்தான் வந்தது, காலில் இருந்து தலை வரைக்கும்.

"கதை தம்பி. இன்னும் சத்தமாக் கதை. அந்தத் தொங்கல்ல இருக்கிற கடைசி வீட்டுக்குக் கேக்கேல்ல" என்றேன்.

அவன் திகைத்துவிட்டான். "இல்ல அன்ரி, உள்ளுக்குப் போய்க் கதைப்பம்…"

"ஏன் உள்ளுக்கு? அயலட்டையைக் கூப்பிடுவன் எண்டு சொன்னனீ தானே. நில், நானே கூப்பிடுறன்."

கூப்பிட்டேன். வீடு வீடாகக் கூப்பிட்டேன். எல்லோரும் வந்தார்கள். முன்வீட்டுச் சுனில் அய்யே திரீவீலைக் கழுவிக்கொண்டிருந்தவர், "மொகத மல்லி ப்ரஷ்னே?" என்று அவன்களிடம் என்ன பிரச்சினை என்று கேட்டுக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு ஸும்றா போனை உயர்த்திப் பிடித்தாள். "எனக்கும் கோல் எடுத்து இவங்களப் பத்திக் கேவலமாப் பேசினீங்க தானே? இப்ப பேசுங்க, நான் வீடியோ எடுக்கிறன்" என்றாள்.

சனத்துக்கு முன்னால் நானே சொன்னேன். எவ்வளவு எடுத்தேன், எவ்வளவு கட்டினேன், எவ்வளவு கேட்கிறார்கள் என்று சொன்னேன்.

மிதுஷன் விடவில்லை. "எடுத்தது நீங்க தானே அன்ரி? அனுபவிச்சது நீங்க தானே?" என்றான்.

அப்போது சொன்னேன். "நான் ஒரு சதம் அனுபவிக்கேல்ல. என்ர அண்ணன் கிளெமென்ற் பொய் சொல்லி வாங்கி, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிப்போட்டு, நம்பரை மாத்திக்கொண்டு பேசாலையில இருக்கிறார்."

ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக உங்கள் பெயரை என் வாயால் சொன்னேன். நாக்குக் கூசும் என்று நினைத்தேன், கூசவில்லை.

கதவுக்குப் பின்னால் நிலூஷாவின் அழுகை நின்றுவிட்டது. வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். சுனில் அய்யே மோட்டார் சைக்கிள் நம்பர்களைப் படம் பிடித்தார். "நாங்க எங்கட வேலையைத் தான் செய்யிறம், அன்ரி" என்று மிதுஷன் மெல்லச் சொன்னான். பிறகு போய்விட்டார்கள். கறி அடிப்பிடித்துவிட்டது. அந்த ஓடரும் போயிற்று.

இதை வேறு யாரும் சொல்லி நீங்கள் அறியக்கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன்.

றோஸி


பேசாலை,
10.09.2025

றோஸிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதற்கு முன்பே கொட்டாஞ்சேனையில் இருந்து யார் யாரோ அண்ணியின் போனுக்கு எடுத்துத் துக்கம் விசாரிப்பது போல விசாரித்துவிட்டார்கள். பழைய பாட்டுக் குழுப் பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். வெளியே தலைகாட்ட முடியவில்லை.

கூடப் பிறந்தவனை நடுத் தெருவில் பெயர் சொல்லிக் கேவலப்படுத்த உனக்கு எப்படி மனம் வந்தது? அம்மா இருந்திருந்தால் உன் வாயில் சூடு வைத்திருப்பா. நான் தரமாட்டேன் என்று எப்போதாவது சொன்னேனா? பிறெடி அங்கே குளிரில் எவ்வளவு கஷ்டப்படுகிறான் என்று உனக்குத் தெரியுமா? எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது.

முடிவாகச் சொல்கிறேன். ஆத்திரத்தில் சொன்னது, அண்ணனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நீ அந்த ஒழுங்கையில் சொல்ல வேண்டும். சுவாமியிடமும் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன். தகப்பனும் இல்லாமல் மாமனும் இல்லாமல் உன் பிள்ளை தனியே நடந்து வரட்டும். சம்பந்தி வீட்டுச் சனமெல்லாம் பார்க்கட்டும்.

கிளெமென்ற்


கொட்டாஞ்சேனை,
13.09.2025

அண்ணாவுக்கு,

உங்கள் முதல் கடிதத்துக்கு மூன்று கிழமை சென்றது. அடுத்ததற்கு நான்கு. நீங்கள் சொன்னது பொய் என்று நான் எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. உங்கள் பெயர் வெளியே வந்ததற்கு மட்டும் இரண்டே நாளில் கடிதம் வருகிறது. இம்முறை உங்கள் சீனியை நான் விசாரிக்கவில்லை, நீங்களும் எங்களை விசாரிக்கவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஸும்றாவும் நானும் பொலிசுக்குப் போனோம். முறைப்பாட்டை எடுக்கவே காலையில் இருந்து பகல்வரை இருத்தி வைத்தார்கள், ஆனாலும் எடுத்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்த பிறகு கம்பனிக்காரரும் தணிந்துவிட்டார்கள். மிச்சத்துக்கு ஒரு தொகை பேசி, மாதா மாதம் கட்டுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். கட்டி முடிக்க ஒன்றரை வருடம் போகும். அந்தக் கடன் என் தலையில்தான் இருக்கிறது, இன்னும் ஒருவனும் அதை இறக்கவில்லை.

வியாழக்கிழமை பிலோமினா வந்தார். கதிரையில் உட்காராமலே அரை மணித்தியாலம் திட்டினார். "கடன் ஆருக்கு இல்லை? எங்களுக்கு இல்லையா? அவன் சொல்லித்தான் நான் அறிய வேணுமா? நீங்க வந்து சொல்லுவீங்க எண்டு எவ்வளவு நாள் பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார். அவர் என்னைப் பார்த்திருக்க, நான் அவரைப் பார்த்திருக்க இவ்வளவு நாளை வீணாக்கியிருக்கிறோம். திட்டி முடித்துத் தேத்தண்ணி குடித்தார். ஹோலையும் விருந்தையும் விட்டுவிடுவோம், பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கேக்கும் பட்டீசும் போதும் என்று அவரே சொன்னார். ஒக்ரோபர் முதல் ஞாயிறு கோயிலில் கல்யாணத்தைச் சனத்துக்கு அறிவித்து ஓலை வாசிக்கிறார்கள்.

இனி உங்கள் கடிதம். அதை நிலூஷாவும் வாசித்தாள். நான் மறைக்கவில்லை, உங்களுக்காக மறைத்த காலம் முடிந்துவிட்டது. சொன்னதைத் திருப்பி எடுக்காவிட்டால் ஊர் பார்க்க உன் பிள்ளையைத் தனியே நடக்க விடுவேன் என்கிறீர்கள். சனம், மானம், கல்யாணம். மிதுஷன் பிடித்த அதே இடத்தைத்தான் நீங்களும் பிடிக்கிறீர்கள். ஆனால் அவன் காசைத் தந்துவிட்டு மிரட்டினான். நீங்கள் காசை வாங்கிக்கொண்டு மிரட்டுகிறீர்கள்.

நிலூஷா தனியே நடக்க மாட்டாள். அவளைப் பெற்றவள் நான், ஆளாக்கியவள் நான். பீடம் வரைக்கும் நானே கைபிடித்துக் கூட்டிப்போகிறேன். சுவாமியிடம் கேட்டேன், அதற்கென்ன என்றார். அண்ணி வந்தால் முன் வாங்கில் இடம் வைத்திருப்பேன். நீங்கள் வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். ஒழுங்கையில் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் திருப்பி எடுக்க மாட்டேன்.

காசை மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். கல்யாணம் முடிந்து பிள்ளை வெள்ளவத்தைக்குப் போனதும் எனக்கு இங்கே பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை. நான் மன்னார் பஸ் ஏறுவேன். சத்தம் போட மாட்டேன், உங்கள் அயலைக் கூப்பிட மாட்டேன். நான்கு உடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்து உங்கள் விறாந்தையில் இருப்பேன். அண்ணி தருகிற சோற்றைச் சாப்பிடுவேன், நீங்கள் பூசைக்குப் போனால் கூடவே வருவேன், உங்களோடு கதைக்க வருகிற ஆட்களிடம் சுகம் விசாரிப்பேன். தங்கச்சி எத்தனை நாளைக்கு நிற்கப்போகிறா என்று அவர்கள் கேட்டால், பதிலை நீங்களே சொல்லுங்கள். இரண்டு லட்சமும் கையில் வரும்வரை எழும்ப மாட்டேன்.

வீட்டுக்கு வருகிறேன், அண்ணா.

றோஸி